வெள்ளை டைல்ஸில் ஒரு சொட்டு ஆயில்

திருவொற்றியூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் நடையில், போன வருஷம் வீட்டுக்காரர் வெள்ளை டைல்ஸ் போட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தினமும் அவரே துடைப்பார். என் பைக் நிற்பதும் அந்த நடையில்தான்.

பைக்குக்கு ஆயில் மாற்றும் வேலையை நான் யாரிடமும் விடுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எஞ்சினின் அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றிப் பழைய ஆயிலை வடித்து, போல்ட்டை மாட்டிப் புது ஆயில் ஊற்றினேன். மறுநாள் காலை வெள்ளைத் தரையில் பழுப்பாக ஒரு சொட்டு.

"இன்னா நைனா, வண்டி ஒழுவிக்கினு கீது?" என்றார் வீட்டுக்காரர். அவ்வளவுதான். அன்றிரவு எஞ்சினுக்கு அடியில் அவரே ஒரு கொட்டாங்குச்சியை வைத்துவிட்டுப் போனார். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை.

போல்ட்டை இன்னும் இறுக்கினேன். நிற்கவில்லை. மறுபடி ஸ்பேனரோடு உட்கார்ந்தபோது, வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி சொன்னாள்:

"வுடுய்யா, மரை போய்டப் போவுது. அந்த போல்ட்டுக்கு வாஷர் இருக்குமே, புச்சு போட்டியா?"

"பழசே நல்லாதான் கீது."

"குக்கர்ல ஆவி போனா கேஸ்கட்ட மாத்துறோமா, மூடிய அமுக்கிக்கினு நிக்கிறோமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்ணாரப்பேட்டைக்குப் போய் ஒரு செம்பு வாஷர் வாங்கிவந்தேன். சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்தது.

போல்ட்டைக் கழற்றினால் எஞ்சினிலுள்ள புது ஆயில் வடிந்துவிடும்; அதைக் கீழே கொட்ட மனம் வரவில்லை. மனைவி ஒரு பழைய குண்டானைக் கழுவித் துடைத்துத் தந்தாள். "இனிமே இது உன்னுது. அடுப்பாண்ட கொண்டாராத." அதில் வடித்தேன். பழைய வாஷர் நசுங்கித் தகடாகி, போல்ட்டோடு ஒட்டிக் கிடந்தது. நகத்தால் நெம்பி எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு, அளவாக இறுக்கி, அதே ஆயிலைத் திரும்ப ஊற்றினேன்.

காலையில் வீட்டுக்காரர் குனிந்து போல்ட்டை விரலால் தடவிப் பார்த்தார். ஈரமில்லை.

"ஷோக்கா கீதுபா. என் ஸ்கூட்டரையும் கொஞ்சம் பாரேன்."

அடுத்த ஞாயிறு அதையும் செய்தோம். தன் டைல்ஸ் மேல் சாக்கை விரித்து அவரே பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்பேனரைக் கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டினார். வாஷரை மட்டும் தன் கையாலேயே போட வேண்டும் என்றார், போட்டார்.

சாயங்காலம் மனைவியும் நானும் கடலோரமாக எண்ணூர் வரை போனோம். காற்று நன்றாக இருந்தது.

"வாஷர் மாத்துனதுலேந்து வண்டி சும்மா பறக்குது, பாத்தியா?" என்றாள் பின்னாலிருந்து.

இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. "ஆமா," என்றேன்.