கழுவாத ஏல இலை

செவ்வாய்க்கிழமை விஞ்ஞானியாகி, வெள்ளிக்கிழமை பதவியை இழந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு.

எம்.எஸ்சி. வேதியியல், கடைசி செமஸ்டர். ஏலக்காய்ச் செடியின் இலையில் பாக்டீரியாவைக் கொல்லும் சேர்மம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் புராஜெக்ட். அது தேறாவிட்டால் இந்த வருடம் டிகிரி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை போடியிலிருந்து குரங்கணி போய், ஜீப்பில் ஏறி, மாமாவின் தோட்டத்தில் ஒரு பை இலை பறித்தேன். இலைமேல் வெளிர்நீலத்தில் மெல்லிய படலம். "இயற்கை மெழுகுப் பூச்சு, மிக முக்கியம்" என்று நோட்டில் எழுதி அடிக்கோடு வேறு போட்டேன். கழுவினால் சத்து போய்விடுமென்று அப்படியே அரைத்தேன்.

செவ்வாய்க்கிழமை லேபில் பாக்டீரியா வளர்க்கும் தட்டைத் திறந்தால், சாறு வைத்த இடத்தைச் சுற்றி ஒரு பாக்டீரியா உயிரோடு இல்லை. மூன்று நாள் காலேஜில் என் நடையே வேறு. வெள்ளிக்கிழமை இன்னும் இலை கேட்டு மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, ஒங்க எலை கிருமிய அடிச்சுத் தூக்குது! பேட்டன்ட் வாங்கப் போறேன்."

"எங்கிட்டு பறிச்ச மாப்ளே?"

"ஓடைப் பக்கம்."

"அடப்பாவி! நீ வந்ததுக்கு மொத நாளுதான அங்க அழுகல் நோய்க்கு போர்டோ மருந்து அடிச்சோம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் பட்டா கிருமி சாகாம கொஞ்சுமா?"

மயில்துத்தம் என்றால் நீலநிறக் காப்பர் சல்ஃபேட்; பிளஸ் டூவிலிருந்து அதை லேபில் கலக்கியவன் நான். அதற்குத்தான் மெழுகு என்று பெயர் வைத்திருந்தேன்.

புராஜெக்ட் மேடத்திடம் போய் ஒப்புக்கொண்டேன்.

"எலையைக் கழுவலயா?"

"சத்து போயிரும்னு, மேடம்..."

"ஒங்க வீட்ல கீரையக்கூட கழுவித்தானப்பா சமைப்பாங்க? திங்கக்கெழம சரியான ரிசல்ட்டோட வா. இல்லன்னா வைவாவுக்கு அனுப்ப மாட்டேன்."

மறுபடி மாமா.

"போர்டோ படாத செடி ஏதாச்சும் இருக்கா மாமா?"

"வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு தூரு நிக்கிது. வெரசா வா, ஆடு கடிச்சிரும்."

நேற்றுக் காலையிலேயே போய்ப் பறித்தேன். அங்கேயே ஏழு தண்ணீரில் கழுவினேன். "சோப்பு வேணுமா மாப்ளே?" என்றார் மாமா. சாயங்காலமே லேபில் அரைத்து வைத்தேன்.

இன்று ஞாயிறு. தட்டு என் முன்னால் இருக்கிறது. சாற்றைச் சுற்றி பாக்டீரியா செழிப்பாக வளர்ந்திருக்கிறது. நாளை மேடத்திடம் காட்ட என்னிடம் இருக்கும் சரியான ரிசல்ட் இதுதான்.