பேசாத பூதத்துக்குக் கொடுத்த குரல்

டப்பிங் தியேட்டரில் அவரைக் ‘கர்ஜனை’ என்றுதான் கூப்பிடுவார்கள். படத்தில் எவனாவது தொண்டை கிழியக் கத்த வேண்டுமென்றால் போன் அவருக்குத்தான் வரும். நேரில் பார்த்தால் பூனைக்குக்கூட வழிவிட்டு நடக்கிற மனிதர். மனைவி போய்ச் சேர்ந்தபின் வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. தூரத்து ஊரில் கணவன், குழந்தையோடு இருந்த மகள், முன்பு வாரம் தவறாமல் பேசியவள், இப்போது நினைத்தபோது பேசுவாள்.

பழைய சிறுவர் புத்தகமொன்றில் வந்த பூதத்தின் கதை படமாகி, பூதத்துக்குக் குரல் கொடுக்கக் கூப்பிட்டதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மகள் சின்னவளாக இருந்தபோது அவர் மடியில் படுத்து அலுக்காமல் கேட்ட கதை. புத்தகத்தில் அந்தப் பூதம் வாயே திறக்காது. கையை மூடினால் காடு அடங்கும். விரித்தால் தொலைந்துபோன குழந்தைக்கு வழி தெரியும். அவ்வளவுதான் மந்திரம். அந்தப் பக்கம் வந்ததும் அவர் படிப்பதை நிறுத்திவிட்டுத் தன் கையை மூடுவார். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள்.

படத்திலோ பூதம் உறுமியது. உள்ளங்கையிலிருந்து மின்னல் பறந்தது.

“சார், இந்த ஒரு இடத்துல மட்டும் சும்மா விட்டுடலாமா? கதைல அது பேசவே பேசாது,” என்று மைக்கின் முன்னால் நின்று கேட்டார்.

“வாய் அசையுதே அண்ணே,” என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த டப்பிங் இயக்குநர். “அசையற வாய்க்கு நாம சத்தம் குடுத்தாகணும். மந்திரம் போடறவன் சும்மா நின்னா ஜனங்க தூங்கிடுவாங்க.”

அதுவும் தொழில் நியாயம்தான். ஊமைப் பூதத்துக்கு டப்பிங் ஆள் எதற்கு? வெந்நீரைக் குடித்துவிட்டுக் கத்தினார். ஆனால் மகளிடம் மட்டும் மூச்சு விடவில்லை. படம் பார்க்கும்போது “இது எங்கப்பா” என்று அவளே கண்டுபிடித்துக் கூப்பிட வேண்டும். நாமே சொன்னால் அதில் என்ன இருக்கிறது? இந்த வயதில் இப்படியொரு பிடிவாதம்.

படம் வெளிவந்ததிலிருந்து போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார். குளிக்கப் போனாலும் அது கதவுக்கு வெளியே முக்காலியில் இருக்கும். கடைசியில் மகள் கூப்பிட்டாள்.

“அப்பா, நம்ம பூதத்தைப் படமா எடுத்திருக்காங்க. பாதியிலேயே எழுந்து வந்துட்டோம். எவனோ ஒருத்தன் காட்டுக்கத்தல் கத்தறான்ப்பா. குட்டி ஒரே அழுகை. நீங்க சும்மா கையை மூடுவீங்களே, எனக்கு மயிர்க்கூச்செறியும். அது இதுல எங்க இருக்கு?”

அவருக்கு நெஞ்சு ஒரே நேரத்தில் நிறைந்தது, வலித்தது. “குழந்தை பயந்திருக்கும்மா,” என்று மட்டும் சொன்னார்.

“இருங்க, அவகிட்ட பேசுங்க.”

“கண்ணு, நான் தாத்தா பேசறேன்...”

அந்தப் பக்கம் வீறிட்ட அழுகை. “அம்மா, போன்ல அந்த பூதம்மா.”

ஆக, அவரைக் கண்டுபிடித்தது பேத்தி.

மகள் சிரித்துக்கொண்டே போனை வாங்கினாள். “இன்னும் பயம் தெளியலப்பா. உங்களைப் போய் பூதம்ங்கறா. தப்பா எடுத்துக்காதீங்க.”

“இல்லம்மா,” என்றார். “கொஞ்ச நாளைக்கு அவகிட்ட போனைக் குடுக்காத.”