ஐப்பசியில் இடம் மாறும் மீன்கள்

தீபாவளி காலையில் போன் அடிக்கும். எடுத்தால் முதலில் மழைச் சத்தம் கேட்கும், அப்புறம்தான் என் வீட்டுக்காரர் குரல். ஊரில் மற்ற புருஷன்மார்கள் கங்கா ஸ்நானம் ஆச்சா என்று கேட்பார்கள். இவர், ஆற்றுத் தண்ணீர் வந்துவிட்டது, கிழங்கான் ஒன்றுகூட இல்லை, வலையில் பாதி கெளுத்தி என்று ஆரம்பிப்பார். ஆரணியில் பட்டுத்தறிக் குடும்பத்தில், மீன் வாசனையே ஏறாத வீட்டில் பிறந்தவளுக்கு இதுதான் தீபாவளி வாழ்த்து. பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

கடலோரச் சதுப்புக்காட்டில் மீன் கணக்கெடுக்கும் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் அவர் கள உதவியாளர். அலையாத்தி மரங்களின் வேர்களுக்கு நடுவே மாதாமாதம் வலை போட்டு, எந்த மீன் எத்தனை, எவ்வளவு நீளம் என்று அளந்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விடுவார்கள். அவரும் மீனை வாயில் வைத்ததில்லை, அளப்பதோடு சரி. மற்ற மாதங்களில் நாலைந்து நாள் வீட்டில் இருப்பார். ஐப்பசி கார்த்திகையில் மட்டும் எட்டிப் பார்க்கமாட்டார். கோடையில் அந்தத் தண்ணீர் கடலைவிட உப்பாகிவிடுமாம், கிழங்கான் மாதிரிக் கடல்மீன்கள் தாராளமாக உள்ளே வந்து திரியுமாம். மழையில் ஆறு பெருகி நல்ல தண்ணீர் புகுந்ததும் அவை ஒதுங்கிவிடும், கெளுத்தி மாதிரி ஆற்றுமீன்கள் இறங்கி வரும். மழை ஓய்ந்து மறுபடி உப்பேறினால் கடல்மீன் குஞ்சுகள் கூட்டமாகத் திரும்பும். அந்த மாற்றத்தைத் தவறவிட்டால் வருஷ வேலையே பாழ் என்பார். மீனெல்லாம் இடம் மாறுகிறது, இந்த மனுஷர் மட்டும் ஏன் அங்கேயே நிற்கிறார் என்று நான் சண்டை போடுவேன்.

தீபாவளி அன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. வருஷம் முழுக்கக் காதை அடைக்கும் சத்தம் நின்றால்தான் வீடு எவ்வளவு பெரிசு என்று தெரியும். மகனை வெடி வெடிக்க அனுப்பிவிட்டு, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். பக்கத்து வீட்டில் யாராவது சிரிப்பார்கள். ஒரே ஒரு தீபாவளிக்கு அவர் என் பக்கத்தில் இருந்தால் போதும் என்று இருக்கும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

அவர் ஓய்வு பெற்ற வருஷம் அது கிடைத்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்தார், புது வேட்டி கட்டினார், கேட்காமலே இட்லிக்குச் சட்னி அரைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. ஜன்னலோரம் போய் நின்றவர் சாப்பிடக் கூப்பிட்டும் நகரவில்லை. என்ன யோசனை என்றதற்கு, சிரித்துக்கொண்டே, ஒரு யோசனையும் இல்லை என்றார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. தனியாகக் கழித்த தீபாவளிகளில்கூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

அலமாரியிலிருந்து அவருடைய பையை எடுத்து முன்னால் வைத்தேன். "போய்ப் பாத்துட்டு வாங்க."

"நாளும் கெழமையுமா உன்ன உட்டுட்டா?"

"இங்க நின்னுகினு அங்க கீறதுக்கு, அங்கயே போங்க. ஜல்தி கெளம்புங்க, பஸ் பூடும்."

பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி ஓடினார். மறுநாள் போன் வந்தது. முதல் தடவையாக, என்ன மீன் வந்திருக்கிறது என்று நானாகக் கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை. அதற்கப்புறம் வருஷாவருஷம் நானே பலகாரம் கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

அவர் தவறிப்போய் இது இரண்டாவது தீபாவளி. மகனுக்குச் செய்யாறு கம்பெனியில் ஷிப்டு, சாயங்காலம்தான் வருவான். காலையில் மழை கொட்டியது. இந்நேரம் கிழங்கான் கடலுக்குப் போயிருக்கும், கெளுத்தி இறங்கியிருக்கும் என்று மனசு தானாகச் சொன்னது. யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும்போல் இருந்தது. எதிர்வீட்டுப் பெண் அதிரசத் தட்டோடு வந்தாள்.

"இன்னாக்கா, மழையவே பாத்துகினு கீறீங்க?"

"ஆத்துல தண்ணி வந்திருக்கும்மா," என்றேன்.

"நம்ம ஆத்துலயா? மணலு நனைஞ்சிருந்தாலே பெருசு," என்று சிரித்தாள்.

ஆமாம் என்றேன்.