மூன்றாவது சிலிண்டர்

என் தம்பி நெவில் ஹாலம் ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். படிக்கத் தெரியாமலே இங்கிலாந்தின் டெர்பி நகரில் ஒரு பட்டறைக்கு மேஸ்திரி ஆனான். கார் ஓட்டும் தேர்வில் முதல் தடவையே தேறினான். மலையேற்றப் பந்தயத்தில், புத்தம்புது வண்டிகளுக்கு நடுவே, பதினெட்டு வயதான தன் பச்சை ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டி மூன்று கோப்பைகள் வாங்கினான்.

எழுத்துகளைத் தனித்தனியாக அவனுக்குத் தெரியும். சேர்ந்து நின்றால் குழம்பிவிடும். இந்த விஷயம் என்னையும் லெஸ்லியையும் தவிர யாருக்கும் தெரியாது. தச்சு வேலை செய்யும் லெஸ்லி பள்ளியில் நெவிலுக்குப் பக்கத்து இருக்கை. கரும்பலகையில் இருப்பதை அவன் காதில் ஓதியவன். பந்தயப் படிவங்களில் அவன் பேரை எழுதிக் கையெழுத்தும் போட்டவன். எங்கள் வீட்டில் கேட்காமலே டீ ஊற்றிக்கொள்வான்.

அந்த ஆகஸ்டில் வண்டி உதற ஆரம்பித்தது. மேடு ஏறினால் இருமல்.

"வால்வு எரிஞ்சிருக்கும், வாத்தே," என்றான் லெஸ்லி. எங்கள் ஊரில் செல்லமாக யாருக்கும் யாரும் வாத்துதான். "எஞ்சினையே பிரிக்கணும். பேசாம எனக்குக் குடுத்துடு."

"பந்தயத்துக்குள்ள சரியாகலேன்னா எடுத்துக்கோ," என்றான் நெவில். அதைச் சொல்ல அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மதியம் என் சமையலறைக் கையுறையை மாட்டிக்கொண்டு, எஞ்சினை ஓடவிட்டு, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். முதலாவதைப் பிடுங்கியதும் சத்தம் தொய்ந்தது. இரண்டாவதும் நான்காவதும் அதேபோல. மூன்றாவதைப் பிடுங்கியபோது எந்த மாற்றமும் இல்லை.

"செத்தது மூணாவது, எட்னா."

அதன் பிளக்கை இரண்டாவதில் மாட்டினான். இரண்டு நன்றாகவே ஓடியது. ஒயரையும் மாற்றிப் பார்த்தான். அப்போதும் மூன்றுதான் செத்துக் கிடந்தது. பிளக் துளையில் கட்டைவிரலை வைத்து, என்னைச் சாவி திருப்பச் சொன்னான். உள்ளிருந்து காற்று விரலைத் தள்ளியது.

"வால்வு நல்லாதான் இருக்கு," என்றான்.

"மிச்சம் என்ன?"

"மூடிதான். அதை லெஸ்லி பாத்துட்டான். கழட்டித் துடைச்சு மாட்டினேன்னு சொன்னானே."

நாலு சிலிண்டருக்கும் மின்சாரம் பிரிந்து போகும் கறுப்பு மூடி அது. லெஸ்லி பார்த்துவிட்டான் என்பதாலேயே நாங்கள் அதைத் தொடவில்லை. நெவில் அதைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தான். உள்ளே மூன்றாவது முனையிலிருந்து விளிம்புவரை ஒரு கோடு மினுங்கியது.

"விரிசலா?" என்றேன்.

கட்டைவிரலால் தேய்த்தான். விரிசல் அழியாது. இது அழிந்தது. விரலில் பென்சில் கரி. மின்சாரம் அந்தக் கரி வழியே கசிந்து போயிருக்கிறது. கோடு பட்டையாக இருந்தது. அப்படிக் கிழிப்பது தச்சர்களின் தட்டைப் பென்சில்தான்.

சாயங்காலம் லெஸ்லி வந்து டீ ஊற்றிக்கொண்டான். வழக்கம்போல் பென்சில் காதில். நெவில் கட்டைவிரலை நீட்டினான். லெஸ்லி அதைப் பார்த்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"சும்மா விளையாட்டுக்குத்தான்."

"கேட்டிருந்தா ஓட்டக் குடுத்திருப்பேனே, லெஸ்."

"ஓட்டவா? பரிசு வாங்கினது நீ, கை தட்டினது நான். உன் பேரைக்கூட நான்தான் எழுதணும். நாளைக்கு எவன் எழுதறான்னு பாக்கறேன்."

கதவைச் சாத்தாமல் போனான். நெவில் அந்த டீயைத் தொட்டியில் கொட்டினான். மூடியைத் துடைத்து மாட்டியதும் நாலு சிலிண்டரும் ஓடின. அவன் முகம் மலரவில்லை.

"பேரை எழுதிக் காட்டு," என்றான். காட்டினேன். செய்தித்தாள் ஓரத்தில் பார்த்துப் பார்த்து எழுதினான். முதல் எழுத்தைத் திருப்பிப் போட்டான். திருத்தினான்.

"ஹாலம்ல இந்த 'எல்' ஏன் ரெண்டு தடவை வருது?"

"அப்படித்தான் எழுதணும்."

"ஒண்ணு மிஸ் ஆனா இன்னொண்ணு ஓடட்டும்னா?"

மறுநாள் ஐந்தாவதாகத்தான் வந்தான். ஆனால் காலையில், வரிசை பின்னால் முணுமுணுக்க, லெஸ்லி இரண்டு ஆள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்க, படிவத்தின்மேல் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, என் தம்பி முதன்முதலாகத் தன் பேரைக் கையெழுத்தாகப் போட்டான். 1974 செப்டம்பர் 8.