எஞ்சின் ஏப்பத்துக்கு ஒரு டப்பா

மெக்கானிக்கிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கேள்வியோடு வருவதில்லை, ஏற்கனவே வாங்கிவிட்ட சாமானோடுதான் வருகிறார்கள். வண்டியும் வைத்துக்கொண்டு அதன் மேல் கொஞ்சம் கிறுக்கும் வைத்திருக்கிற உங்களுக்கு இது புதுசாக இருக்காது. தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறேன். அங்கே ஒரே ஒரு டப்பா என்னைத் திணறடித்த கதை இது.

நீல டப்பா

ஜெபசிங் நாசரேத்துக்காரர், குடியிருப்பது தூத்துக்குடியில். கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் வேலை. டர்போ வைத்த கார் ஒன்றைப் பழசாக வாங்கி, வேகத்தைக் கூட்டி, வருசத்துக்கு ரெண்டு தடவை கோயம்புத்தூர்ப் பக்கம் ரேஸ் டிராக்கில் கொண்டுபோய் ஓட்டுவார். போன வருசம் டிராக்கிலேயே பிஸ்டன் உடைந்து, வேறு எஞ்சின் மாற்றினோம். "இதும் போச்சுன்னா வண்டிய வித்துரணும்" என்று அவர் வீட்டம்மா மெர்சி டீச்சர் கண்டிசனாகச் சொல்லிவிட்டார். மனுசனுக்கு ராவும் பகலும் அதே பயம்.

ஒரு சனிக்கிழமை காலையில் பளபளவென்று ஒரு நீல டப்பாவோடு வந்தார். ஆயில் கேட்ச் கேன். விசயம் இவ்வளவுதான். எஞ்சின் ஓடும்போது பிஸ்டன் ஓரமாகக் கொஞ்சம் புகை கீழே கசியும். அது ஆயில் ஆவியையும் சேர்த்துக்கொண்டு ஏப்பம் மாதிரி மேலே வரும். அந்த ஏப்பத்தை ஒரு ஹோஸ் வழியாக எஞ்சினே திரும்பக் குடித்துக்கொள்கிற மாதிரிக் கம்பெனியில் அமைத்திருக்கிறார்கள். நடுவில் இந்த டப்பாவை வைத்தால் ஆயில் அதில் தங்கிவிடும், காற்று மட்டும் போகும். ஆயிலும் சேர்ந்து உள்ளே போனால் கரி படியும், வேகமாக ஓட்டும்போது பிஸ்டனுக்கே ஆபத்து என்கிறார்கள். தேவையா, தேவையில்லையா என்று கேட்டார். "தெரியல சார்" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. அவர் முகம் வாடிவிட்டது.

"என்ன அண்ணாச்சி, வீடியோல ஒருத்தன் கட்டாயம்ங்கான், இன்னொருத்தன் வேஸ்ட்டுங்கான், நீங்களும் தெரியலன்னா நான் யார்ட்ட போய்க் கேக்க?"

வெள்ளைக் கைக்குட்டை

அந்நேரம் பட்டறையில் லூர்து உட்கார்ந்திருந்தார். திரேஸ்புரத்துக்காரர், சங்கு குளிக்கிறவர். படகில் கம்ப்ரசர் ஓட, அதன் ட்யூபை வாயில் கடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்குகிற ஆள். அந்தக் கம்ப்ரசரைத்தான் ரிப்பேருக்குக் கொண்டுவந்திருந்தார். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "எங்களுக்கும் இதே தொல்லைதான்" என்றார். கம்ப்ரசர் ஆயில் காற்றோடு கலந்து வந்தால் நெஞ்சு எரியும், தலை சுற்றும். அதற்காக நடுவில் ஒரு பாட்டில் வைத்துப் பஞ்சு அடைத்திருக்கிறார். அப்படியும் நம்பமாட்டார். இறங்குவதற்கு முன்னால் ட்யூப் வாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துப் பார்ப்பாராம். கறை விழுந்தால் அன்றைக்குக் கடலில் இறங்குவது கிடையாது.

எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. வீடியோ சொல்லாததைக் கைக்குட்டை சொல்லுமே! காரின் ஹோஸைக் கழற்றி, எஞ்சினை ஓடவிட்டு, லூர்தின் கைக்குட்டையையே பிடித்தோம். சும்மா ஓடும்போது ஒன்றுமில்லை. ஜெபசிங் ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடித்ததும் பொட்டுப் பொட்டாக மஞ்சள் விழுந்தது. "இம்புட்டுதானே?" என்றேன். லூர்து அதை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"காருக்கு நாக்கு இல்ல அண்ணாச்சி, அதான் பேசாமக் குடிக்கி."

பஞ்சு

சரி, மாட்டித்தான் பார்ப்போமே என்று மாட்டினேன். அங்கேதான் ஒரு கூத்துப் பண்ணினேன். டப்பாவைத் திறந்தால் உள்ளே ஒன்றுமேயில்லை. லூர்து பாட்டிலில் பஞ்சு இருக்கே, இதிலும் அடைத்தால் ஒரு சொட்டுகூடத் தப்பாதே என்று நன்றாக அமுக்கி அடைத்துவிட்டேன். ஜெபசிங்குக்கும் பரம சந்தோசம்.

பத்தாம் நாள் புருசனும் பெண்சாதியுமாக வந்து நிற்கிறார்கள். வண்டிக்கு அடியில் ஆயில் சொட்டுகிறது. டப்பாவைத் திறந்தால், பஞ்சு முழுக்க மோரில் முக்கி எடுத்த மாதிரி வெள்ளையாக ஊறிக் கட்டியாகிக் கிடந்தது. ஜெபசிங் வீட்டுக்கும் ஆபீசுக்கும் கூப்பிடு தூரம். எஞ்சின் சூடாவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். சூடேறாத எஞ்சினில் ஈரம் தங்கும், அதுவும் நம்ம ஊர் கடற்காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். அந்த ஈரம்தான் ஆயிலோடு கலந்து பஞ்சை அடைத்திருக்கிறது. கம்ப்ரசர் என்றால் காற்றைப் பிடித்துத் தள்ளும், பஞ்சைத் தாண்டிப் போய்விடும். எஞ்சின் விடுவது வெறும் ஏப்பம்தானே. வழியை மறித்ததும் அது, ஆயில் கசியாமல் பிடித்திருக்கிற ரப்பர் சீல் வளையத்தைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கவனிக்காமல் ஓட்டியிருந்தால் ஆயில் வற்றி இந்த எஞ்சினும் போயிருக்கும். "என் தப்புதான் சார்" என்று சொல்லி வேறு சீல் போட்டுக் கொடுத்தேன். மெர்சி டீச்சர் ஒரு குச்சியால் அந்தப் பஞ்சைக் கிளறிக்கொண்டே சொன்னார்:

"மூக்க அடச்சா யாருக்குத்தான் மூச்சு முட்டாது, இதுக்குப் போய் வீடியோ பாக்கணுமாக்கும்?"

கால் கிளாஸ்

பஞ்சைத் தூரப் போட்டுவிட்டு, பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைக் கொஞ்சம் தளர்வாக வைத்து மறுபடி மாட்டினேன். ஒரு வாரம் ஆபீசுக்கு ஓட்டியதில் அடியில் மோர்த் தண்ணிதான் கொஞ்சம் நின்றது. அதைக் கவிழ்த்துவிட்டு டிராக்குக்குக் கொண்டுபோனார். அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. போன் அடித்தாலே அவராக இருக்குமோ என்று ஓடி ஓடி எடுத்தேன்.

திங்கட்கிழமை காலையில் ரெண்டு பேரும் அதே வண்டியில் வந்து இறங்கினார்கள். முதலில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டேன், அப்புறம் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. டப்பாவை ஒரு டீ கிளாசில் கவிழ்த்தேன். கால் கிளாஸ் ஆயில், கருகருவென்று. டீச்சர் கிளாசை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதெல்லாம் எஞ்சின் குடிச்சிருக்குமா?"

"குடிச்சிருக்கும் டீச்சர். ஆபீசுக்கு மட்டும்னா இந்த டப்பா வேண்டாம். டிராக்குல ஓட்டுனா வேணும். ஆனா வாரா வாரம் கவுத்து ஊத்தணும். மறந்தா நெறஞ்சு மொத்தமா எஞ்சினுக்குள்ள போயிரும், டப்பா இல்லாததவிட மோசம்."

"நான் ஊத்திக்கிடுதேன்" என்று ஜெபசிங் அவசரமாகச் சொன்னார். டீச்சர் அவரைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். வண்டி வீட்டில் நிற்குமா, விலைக்குப் போகுமா என்பது இனி அவர் கையில்தான்.

"வித்துர வேண்டாம், நிக்கட்டும் அண்ணாச்சி. ஆனா இவிய ஊத்துவாவன்னு நம்பி இருக்க முடியாது, அதத் திறக்கது எப்படின்னு எனக்குக் காட்டுங்க."

இப்போதெல்லாம் கேட்ச் கேனோடு யார் வந்தாலும், வண்டியை எங்கே ஓட்டுகிறீர்கள் என்று ஒரு கேள்வியும், அதைத் திறந்து பார்க்க வீட்டில் பொறுப்பான ஆள் யார் என்று இன்னொரு கேள்வியும் கேட்ட பிறகுதான் ஸ்பேனரைத் தொடுகிறேன்.