கயிறு இல்லாத வீடு

என் அண்ணன் மனைவி வசந்தாமணிக்கு இந்த உலகத்தில் ஆகாத பொருள் ஒன்று இருந்ததென்றால் அது கயிறுதான். மோகனூரைத் தாண்டி, கரும்புக் காட்டுக்கு நடுவில் இருக்கிற அவளுடைய தோட்டத்து வீட்டில் பொழுதுக்கும் தேடினாலும் ஒரு முழம் கயிறு கிடைக்காது. எருமைக்கு இரும்புச் சங்கிலி. பிறந்து பதினைந்து நாள் ஆன கன்றுக்கும் சங்கிலிதான், பாவம், அது கழுத்தைத் தூக்கமுடியாமல் நிற்கும். துணி காயப்போட இரும்புக் கம்பி. கரும்புத் தோகையைக் கட்ட, தெரியாத்தனமாக யாராவது கயிறு கேட்டுவிட்டால், பழைய சேலையைக் கிழித்துக் கையில் கொடுப்பாள்.

எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்றுதான் கூப்பிடுவோம். நேரில் நானும் வாங்க போங்கதான். ஆனால் என்னைவிட ஒரு வயது மூத்தவளுக்கு எழுத்திலும் அத்தனை மரியாதை என்னால் ஆகாது. அவள் என்றே எழுதுகிறேன். படித்தால் திட்டுவாள், திட்டட்டும்.

கயிற்றின் மேல் அவளுக்கு வந்த வெறுப்புக்குக் காரணம் ஊருக்கே தெரியும். முந்தின வருடம் ஐப்பசியில், விடிந்தும் விடியாத நேரத்தில், என் அண்ணன் சின்னுசாமி மாடு கட்டுகிற கட்டுத்தரையில் கிடந்த கயிற்றை எடுக்கக் குனிந்தான். அது கயிறு இல்லை. கண்ணாடி விரியன். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் போராடிப் பார்த்தான். அறுபது வயதிலும் மூட்டை தூக்கின மனிதன், கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீரைத் தூக்க முடியாமல் போய்ச் சேர்ந்தான்.

நங்கை திருச்செங்கோட்டுப் பக்கத்து வானம் பார்த்த பூமியிலிருந்து வாழ வந்தவள். வந்த புதிதில் காவேரி வாய்க்காலைப் பார்த்துவிட்டு, "இத்தனை தண்ணியும் நம்முளுதுங்களா?" என்று அண்ணனிடம் கேட்டாளாம். அவன் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அன்றைக்குச் சிரித்ததுதான், அதற்குப் பிறகு பெண்டாட்டி முன்னால் அவன் பல்லைக் காட்டி நான் பார்த்ததில்லை. வாய் திறந்து நாலு நல்ல வார்த்தை பேசுகிற பரம்பரை இல்லை எங்களுடையது. ஆனால் விடியக்காலம் கட்டுத்தரையில் மட்டும் அவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. கன்றைக் கொஞ்ச நேரம் தாயிடம் ஊட்டவிட்டு, மடியில் பால் இறங்கியதும் இழுத்துக் கட்டவேண்டும். நங்கை இரண்டு கையாலும் கன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "ஏனுங்க, கயித்தை எடுத்தாங்க" என்பாள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வாய்க்கால் பக்கம் தண்ணீர் கட்டப் புறப்படுகிறவன் திரும்பி வந்து, "இந்தா" என்று எடுத்துக் கொடுப்பான். முப்பது வருடத்துக்கு மேலாக நாள் தவறாமல் நடந்தது இது. அவர்கள் பேசிய பேச்சையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் பாதி இதுவாகத்தான் இருக்கும்.

அவன் போன பிறகு நங்கை அந்தக் கட்டுத்தரையைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டாள். பாலைக் கறக்க ஆள் வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கிற மகள் நித்யஸ்ரீதான் போனில் அழுதாள். "அத்தை, மேச்சேரிப் பக்கம் ஒரு ஆசிரமத்துல வேதாந்த முகாம் நடக்குது. பத்து நாளு. அம்மாவுக்குப் பேர் குடுத்துட்டேன். தனியா அனுப்ப மாட்டேன், நீங்களும் கூடப் போங்க."

எனக்கும் வேதாந்தத்துக்கும் என்ன ஒட்டு உறவு? நான் வீட்டில் இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சோற்றுச் சட்டி எங்கே இருக்கிறது என்று என்னையே போனில் கேட்பார். ஆனாலும் போனேன். அண்ணன் பெண்டாட்டியைத் தனியே விட மனம் வரவில்லை.

அது செம்மண் காடு. கண்ணுக்கு எட்டியவரை பச்சை என்றால் வேப்பமரமும் வேலியோரத்துக் கிளுவையும்தான். வேலிக்கு அந்தப் பக்கம் செவலை ஆடுகள் புல்லைத் தேடி மண்ணை மோந்துகொண்டு போகும். இந்தப் பக்கம் சிமெண்ட் ஷீட் போட்ட கூடம், வரிசையாக அறைகள், பாய், தலையணை. விடியுமுன் மணி அடிப்பார்கள், போய்க் கண்ணை மூடி உட்காரவேண்டும். நான் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினேன், ஒளிக்க என்ன இருக்கிறது. பிறகு பாடம். மத்தியானச் சோறு வரைக்கும் யாரும் யாரோடும் பேசக்கூடாது. வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது, காபி கிடையாது. வாயையும் கட்டி வயிற்றையும் கட்டினால் ஞானம் வராமல் என்ன செய்யும்!

பாடம் நடத்திய சாமியாருக்கு நாற்பது வயது இருக்கலாம். மூக்குக்கண்ணாடி, மெலிந்த உடம்பு, மைக் தேவைப்படாத குரல். எல்லாரும் சுவாமிஜி என்றார்கள். நங்கை வழக்கம் மாறாமல் சாமி என்றாள். எங்கள் பக்கம் பேரப்பிள்ளையும் சாமிதான், பெரியவரும் சாமிதான்.

முதல் நாளே வந்தது வினை. "மங்கின வெளிச்சத்துல ஒரு கயிறு கிடக்கு. நாம அதைப் பாம்புன்னு நினைச்சுப் பயப்படறோம். விளக்கைக் கொண்டு வந்தா பாம்பு எங்கே போச்சு? அங்கே எப்பவுமே கயிறுதான் இருந்தது. இந்த உலகத்து துக்கமும் அப்படித்தான்" என்றார் சாமியார். கூடத்தில் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நங்கை என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் உள்ளே அழுந்தியது. எழுந்து வெளியே போய்விட்டாள்.

பின்னாலேயே ஓடினேன். வேலி ஓரம் நின்று ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கெளம்புங்க நங்கை. பஸ் இருக்குது. நமக்கு இந்த எழவெல்லாம் வேண்டாம்" என்றேன். தொண்டு செய்கிற ஒரு பெண் வந்து, பேசாதீர்கள் என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த விரலைக் கடித்திருப்பேன். நங்கை மட்டும் வரமாட்டேன் என்று தலையை அசைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பக் கூடத்துக்கே போனாள்.

மறுநாளும் அதே கயிறு, அதே பாம்பு. அதற்கு மறுநாளும் அதுவே. வேதாந்தத்தில் வேறு உதாரணத்துக்குப் பஞ்சம் போலிருக்கிறது. நங்கை இப்போது எழுந்து போகவில்லை. நாளுக்கு நாள் ஒரு வரிசை முன்னால் தள்ளித் தள்ளி உட்கார்ந்தாள். சாமியார் சொல்லிக்கொடுக்கிற சுலோகத்தை எல்லாரோடும் திருப்பிச் சொன்னாள். பொருள் விளங்காத இடத்தில் உதட்டை மட்டும் அசைத்தாள்.

ஒரு மத்தியானம் சாப்பிட்ட கையோடு வேப்பமரத்தடிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அம்மிணி, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். அன்னைக்கு நாந்தான் சொன்னேன். கன்னுக்குட்டியைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். 'ஏனுங்க, கயிறு அங்கதான் கெடக்குது, எடுத்தாங்க'ன்னு கையைக் காட்டுனேன். நானும் பார்த்தேன் அம்மிணி. எனக்கும் அது கயிறாத்தான் தெரிஞ்சுது."

எனக்கு ஒரு கணம் குபீரென்று கோபம் வந்தது. வரவில்லை என்றால் பொய். அவள் கையைக் காட்டாமல் இருந்திருந்தால் என் அண்ணன் இருந்திருப்பான் என்று தோன்றியது. அவள் முகத்தைப் பார்த்தேன். அதே நினைப்பை அவள் அந்த ஐப்பசியிலிருந்து தினமும் தின்றுகொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. பிறகு கோபம் எங்கே நிற்கும்?

"கயித்தைப் பாம்புன்னு நெனச்சவங்களுக்கு சாமி பதில் சொல்லிட்டாரு. பாம்பைக் கயிறுன்னு சொன்னவளுக்கு என்ன பதில்னு கேக்கோணும். கடைசி நாளு சாயங்காலம் கேள்வி கேக்கலாமாம். பதில் கெடைச்சா ஊட்டுக்குப் போறேன். இல்லீன்னா எருமையைக் குடுத்துட்டு, தோட்டத்தைக் குத்தகைக்கு உட்டுட்டு, மககிட்டப் போயிர்றேன். அந்தக் கட்டுத்தரையில இனி என்னால காலை வெக்க முடியாது அம்மிணி."

எனக்கு அப்பா இல்லை, அம்மா இல்லை, அண்ணனும் இல்லை. பொங்கலுக்கும் நோம்பிக்கும் நான் போய் இறங்கி, செருப்பைக் கழற்றியதும் தண்ணீர்ச் செம்போடு ஒரு ஆள் வருகிற வீடு அது ஒன்றுதான். இவளும் பெங்களூருக்குப் போய்விட்டால் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஏது? நான் கும்பிடாத சாமியெல்லாம் கும்பிட்டேன், அந்தச் சாமியாருக்கு நல்ல பதில் வரவேண்டும் என்று.

கடைசி நாள் சாயங்காலம் கூடம் நிரம்பியிருந்தது. சென்னையிலிருந்து வந்தவர்களும் பெங்களூர்க்காரர்களும் ஆத்மா, பிரம்மம், மாயை என்று பெரிய பெரிய கேள்வியாகக் கேட்டார்கள். சாமியாரும் சளைக்காமல் பதில் சொன்னார். நங்கை கையைத் தூக்கினாள். மைக்கைக் கொடுத்தார்கள். வாயருகே கொண்டு போனதும் மைக் கரகரவென்றது. கீழே வைத்துவிட்டுச் சும்மாவே பேசினாள். வேப்பமரத்தடியில் என்னிடம் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். "கயிறுன்னு சொன்னவளுக்கு என்னுங்க சாமி?" என்று முடித்தாள்.

சாமியார் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"அப்ப வெளிச்சம் இருந்துச்சாம்மா?"

"இல்லீங்க சாமி. மசமசன்னு இருந்துச்சு."

"நீங்க பொய் சொன்னீங்களா?"

"இல்லீங்க. கண்ணுல பட்டதைத்தானுங்க சொன்னேன்."

"அவரும் பார்த்தாரா?"

"பார்த்தாங்க. பார்த்துத்தான் குனிஞ்சாங்க."

"அப்ப ரெண்டு பேரும் பார்த்தது கயித்தைத்தான். பாம்புன்னு தெரிஞ்சது அப்புறம். அப்புறம் தெரிஞ்சதைக் கையில வெச்சுக்கிட்டு, அதுக்கு முந்தி கன்னுக்குட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்ன ஒரு பொம்பளையைத் தினமும் அடிக்கிறீங்க. அவளுக்குத் தெரியாதும்மா. அவளை விட்டுடுங்க."

நங்கை தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சரிங்க சாமி. அவளை உட்டர்றேன்" என்றாள். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் அடுத்ததையும் கேட்டுவிட்டாள். "அந்த மனுசன் இப்ப எங்கீங்க சாமி?"

"உருவம்தாம்மா போச்சு. உள்ளே இருந்தது எங்கேயும் போகலை. எங்கும் இருக்கு."

"எங்கயும் இருந்தா நெம்பச் சந்தோசமுங்க. ஆனா எனக்கு அவுங்க கட்டுத்தரையில இருக்கோணுமுங்க சாமி. விடியக்காலம். தலையில துண்டைக் கட்டிக்கிட்டு."

சாமியார் அவளையே பார்த்தார். "அது ஆசைம்மா" என்றார், மெதுவாக.

"ஆமாங்க சாமி. ஆசைதானுங்க."

அவ்வளவுதான். கையைக் கூப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். சாமியார் அதற்கு மேல் உபதேசம் எதுவும் செய்யவில்லை. இத்தனை நாளில் அந்த மனிதரை எனக்குப் பிடித்தது அப்போதுதான். கூடத்தில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சினார்கள். எனக்கோ அண்ணன் துண்டு கட்டுகிற அழகு கண்ணுக்குள் வந்து நின்றுவிட்டது. வலது காதை மூடி, இடது காதை வெளியே விட்டுத்தான் கட்டுவான். ஏண்டா அண்ணா இப்படிப் போனாய் என்று வாய்விட்டே அழுதேன். அன்றைக்கு உதட்டில் விரல் வைக்க யாரும் வரவில்லை.

மறுநாள் புறப்பட்டு மேச்சேரியில் வந்து பஸ்ஸுக்கு நின்றோம். நான் பத்து நாள் காபியை ஒரே மூச்சில் குடித்துவிடுகிற வேகத்தில் டீக்கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் ஆளைக் காணோம். பார்த்தால், சாலைக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்காரர்கள் நிற்கிற கடையில் நின்றுகொண்டிருக்கிறாள். கையில் கன்றுக்குப் போடுகிற கயிறு. முறுக்கை விரலால் நெருடிப் பார்த்து, இழுத்துப் பார்த்து வாங்கினாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. மோகனூர் வரும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தாள். எருமையை விற்கிற பேச்சும் வரவில்லை.

அன்றைக்கு நான் அங்கேயே தங்கினேன். விடியக்காலம் விழிப்புத் தட்டியபோது பக்கத்துப் பாய் காலியாக இருந்தது. கதவருகே வந்து பார்த்தேன். பால் கறக்கிற ஆள் இன்னும் வரவில்லை. நங்கை கன்றின் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி ஓரமாகப் போட்டிருந்தாள். கன்று ஊட்டிக்கொண்டிருந்தது. புதுக்கயிறு நாலடி தள்ளித் தரையில் கிடந்தது, அந்த மசமசப்பில் சுருண்டு, கறுப்பாக.

கன்றை மடியிலிருந்து இழுத்தாள். அது துள்ளியது. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, வாய்க்கால் பக்கம் முகத்தைத் திருப்பி, யாரோ அங்கே நிற்கிற மாதிரி, சாதாரணக் குரலில் சொன்னாள்:

"ஏனுங்க, கயித்தை எடுத்தாங்க."

வாய்க்கால் பக்கமிருந்து யாரும் வரவில்லை. அவள் அப்படியே நின்றாள். கன்று முண்டிக்கொண்டே இருந்தது. அவள் திரும்பவும் சொல்லவில்லை, கன்றை விடவும் இல்லை. எனக்குத் தாங்கவில்லை. செல்போன் விளக்கைப் போட்டுக்கொண்டு போனேன். குனிந்து, வெளிச்சத்தைக் கிட்டக் காட்டி, நன்றாகப் பார்த்து, எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"கயிறுதானுங்க நங்கை" என்றேன்.

"கயிறுதான் அம்மிணி" என்றாள். "அவுங்கதான் இல்லை."

கன்றை முளையில் கட்டினாள். முடிச்சை ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள். பிறகு செம்பை எடுத்து முட்டிக்கிடையில் இடுக்கிக்கொண்டு, எருமைக்குப் பக்கத்தில் குந்தி, தானே பால் கறக்க ஆரம்பித்தாள்.