பெரியப்பா தந்த எட்டு நாள்

என் தம்பி பிறந்த பத்தாம் நாள் காலையில் திருநெல்வேலிப் பெரியப்பா செத்துப்போனார். அந்தச் செய்தி அவருக்கே தெரியாது. திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகத்துத் தெருவில், எங்கள் வீட்டு வாசலில் வைத்துத்தான் அது நடந்தது. பார்த்த ஒரே சாட்சி பாவாடை கட்டிய எட்டு வயதுப் பெண்ணான நான்.

அம்மா பின்கட்டு அறையில் கிடந்தாள். பிரசவம் என்னவோ சுகமாகத்தான் ஆயிற்று. ஆறாம் நாள் குளிர்கிறது என்று போர்வை கேட்டவள், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அறை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பேன். அம்மாவின் கண் என்மேல் நிற்கும், ஆனால் என்னைத் தெரிந்துகொள்ளாது. பக்கத்தில் தம்பி பூனைக்குட்டி மாதிரி மெல்லிய குரலில் அழுதுகொண்டிருப்பான்.

அப்பா கச்சேரியில் குமாஸ்தா. வீட்டில் அத்தை வைத்ததே சட்டம். அத்தை அப்பாவுக்கு அக்கா, சின்ன வயதிலேயே கணவனை இழந்து எங்களோடு வந்துவிட்டவள். அவளிடம் இருந்த பயம் அப்பாவுக்குத் திவானிடம்கூடக் கிடையாது. அப்படிப்பட்டவர் ஏழாம் நாள் யாரையும் கேட்காமல் ஆசுபத்திரிக்குப் போய் ஒரு நர்ஸம்மாவை அழைத்து வந்துவிட்டார். நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், வெள்ளைச் சேலை, கையில் கறுப்புக் குடை. அத்தை தடுக்கவில்லை. குழந்தை பிறந்தால் பத்து நாள் தீட்டு. வீடு முழுக்கத் தீட்டாக இருக்கும்போது யார் வந்து யாரைத் தொட்டால்தான் என்ன என்பது அவள் கணக்கு.

நர்ஸம்மா வந்ததும் முதல் காரியமாக, சாத்திக் கிடந்த ஜன்னலைத் திறந்தாள். அம்மாவுக்கு வைத்திருந்த பழந்துணிகளையெல்லாம் வெளியே எறிந்துவிட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கேட்டாள். காலையும் மாலையும் வந்து அம்மாவைச் சுத்தம் செய்து, கஞ்சி புகட்டி, தம்பியின் தொப்புளைத் துடைத்துவிட்டுப் போவாள். ஒன்பதாம் நாள் அவள் கிளம்பும்போது அத்தை சொன்னாள்:

"நாளன்னிக்குப் புண்ணியாகவாசனம். இவளுக்குத் தலைக்கு விட்டு உள்ளே அழைச்சுக்கணும். இனிமே நீ வரவேண்டாம்."

"இந்தக் காய்ச்சல்ல தலைக்கு ஊத்தினா ஆளு தங்காதும்மா, கேட்டியளா? இன்னும் ஒரு வாரமாவது நான் வந்து பாக்கணும். புள்ளைக்குத் தொப்புளும் ஆறல்ல."

"பதினோராம் நாள் குளிக்காத பிள்ளை பெத்தவள் எங்கேயாவது உண்டா? வீடு சுத்தியானப்புறம் நீ எப்படி உள்ளே வருவே?"

நர்ஸம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். அவள் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆள் தங்காது என்றால் என்ன அர்த்தம் என்று நான் யாரையும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை அஞ்சல்காரர் ஒரு கார்டை என் கையில் கொடுத்தார். நான் அப்போதுதான் மலையாளம் எழுத்துக்கூட்டப் படித்திருந்தேன். கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிற வயசு. கோட்டயத்திலிருந்து அப்பாவின் பழைய சிநேகிதர், தம் மகனுக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்குமா என்று விசாரித்திருந்தார். அப்பா வாங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார். பின்கட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு, நான் கேட்டே இராத ஒரு குரலில் கத்தினார்.

"அக்கா! திருநெல்வேலி அண்ணா போயிட்டார்!"

கத்தியவர் கார்டை நாலாகக் கிழித்துத் தெருவில் போட்டார். சாவுக் கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, படித்த கையோடு கிழித்துவிட வேண்டும் என்பது வழக்கம். ஆகவே யாரும் கேட்டு வாங்கிப் படிக்க வழியில்லை.

அத்தை வெளியே வந்தாள். "என்னிக்காம்?"

"முந்தாநாள்."

"அப்போ இன்னும் எட்டு நாள் இருக்கு."

சாவுத் தீட்டும் பத்து நாள்தான். அது கழிந்த பிறகே புண்ணியாகமும் அம்மாவுக்குத் தலைக்கு விடுவதும் என்று புரோகிதம் பண்ணும் வாத்தியாரும் சொல்லிவிட்டார். அப்பா குடைகூட எடுக்காமல் நர்ஸம்மாவைக் கூப்பிட ஆசுபத்திரிக்கு ஓடினார்.

அவர் தலை மறைந்ததும் அத்தை என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். "கார்டை நீதானே வாங்கினே? படிச்சயோ?"

"மலையாளத்திலே எழுதியிருந்தது" என்று உளறிவிட்டேன். சொன்ன பிறகுதான் திக்கென்றது. திருநெல்வேலியில் யார் மலையாளத்தில் எழுதுவார்கள்? அம்மாவை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அத்தை குடத்தைக் கிணற்றில் இறக்கினாள். "சாவுக் கடுதாசியைத் தொட்டிருக்கே. வா, தலைக்கு விடறேன்" என்றாள். என் தலையில் ரெண்டு குடம் தண்ணீரைக் கொட்டி, தானும் கொட்டிக்கொண்டாள். ஈரப்புடவையோடு வாசலுக்குப் போய், எதிர்வீட்டு மாமியிடம் தெருவே கேட்கும்படி பெரியப்பாவின் குணங்களைச் சொல்லி அழுதாள்.

அந்த எட்டு நாளும் நான் பயத்திலேயே இருந்தேன். இத்தனை பெரிய பொய்யைப் பகவான் சும்மா விடமாட்டார், பெரியப்பாவை நிஜமாகவே எடுத்துக்கொள்வார், இல்லாவிட்டால் அம்மாவை எடுத்துக்கொள்வார் என்று உறுதியாக நம்பினேன். யாரை எடுத்துக்கொள்ளச் சொல்லி வேண்டிக்கொண்டேன் என்பதை இப்போதும் வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நர்ஸம்மா வேளை தவறாமல் வந்தாள். வெந்நீரை அத்தையே போட்டு வைத்தாள். அந்த எட்டில் ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கி, அம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது நான் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கடைசி நாள் அப்பா முகத்தை மழித்துக்கொண்டு, உயிரோடிருக்கும் மனிதருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தார்.

ஆறு மாதம் கழித்துத் தம்பிக்குச் சோறூட்டினோம். பந்தி நடக்கும்போது பெரியப்பா மூட்டையும் கையுமாக வந்து நின்றார். அப்பா கொல்லைப்பக்கம் போனவர் போனவர்தான். அத்தை, "வாங்கோ அண்ணா, ஏன் இத்தனை நாழி?" என்று சொல்லி அவருக்கு இலை போட்டாள்.

நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். "அத்தை, அவர் செத்துப்போயிட்டாரே!"

"சாப்பிட உட்கார்ந்தவாளை அப்படிச் சொல்லப்படாது. போய்ப் பப்படம் எடுத்துண்டு வா."

அத்தைக்கு ஞாபகசக்தி போய்விட்டது என்று நினைத்து அன்று அவளுக்காகப் பரிதாபப்பட்டேன். அப்பாவும் நானும் சேர்ந்து அவளை ஏமாற்றிவிட்டோம் என்ற பெருமையும் வெகுகாலம் எனக்கு இருந்தது. அவள் ஏமாறவே இல்லை என்று வளர்ந்த பிறகுதான் புரிந்தது. சாஸ்திரத்தை மீறு என்று கேட்டிருந்தால் அத்தை ஒருநாளும் சம்மதித்திருக்க மாட்டாள். அந்தப் பத்தாம் நாள் காலையில், அம்மாவின் சாவு வந்துவிடுவதற்கு முன்னால் வேறு யாருடைய சாவாவது வராதா என்று அவளும் காத்துக்கொண்டுதான் இருந்தாள்.